நூலக்காவின் மேலுதடு

அந்தத் தெருவில் நூலக்காவைத் தெரியாத பெண் ஒருத்தி இருந்தால் அவள் நேற்றுக் குடி வந்தவளாக இருக்க வேண்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது கரண்ட் பில்லில் வரும், வேறெங்கும் வராது. மருந்துக்கடைக்காரர் முதல் எதிர்வீட்டில் இப்போதுதான் பேசப் பழகும் குழந்தை வரை எல்லோருக்கும் அவள் நூலக்காதான். கட்டிய கணவனே மத்தியானம் கடைக்குள் தலையை நீட்டி, "நூலக்கா, இந்தப் பெயிண்டருக்கு இன்னைக்குச் சோறு உண்டா?" என்று கேட்பான். நாற்காலியில் சாய்ந்து கிடக்கிற பெண்கள் கண்ணை மூடியபடியே சிரிப்பார்கள்.

அந்தப் பேர் சும்மா வந்ததல்ல. படிப்பு அவளுக்கு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதை அவள் மறைத்ததும் இல்லை, அதற்காகத் தலை குனிந்ததும் இல்லை. சின்ன வயதிலேயே ஒரு பெரிய பார்லரில் தரை கூட்டப் போனாள். கூப்பிட்டு உட்கார வைத்து யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கூட்டுகிற சாக்கில் குனிந்தும் நிமிர்கிற சாக்கில் பார்த்தும் நூலால் முடி எடுக்கிற தொழிலைக் கண்ணாலேயே திருடினாள். வீட்டுக்கு வந்து, தையல் நூலை எடுத்து, தன் கால் முடியில் பழகினாள். கால் முடிந்ததும் மேலுதட்டுக்கு வந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டும், கை மட்டும் நிற்காது. அப்படிக் கற்ற தொழிலில்தான் பிறகு சொந்தமாகக் கடை போட்டாள். ஷட்டர் வைத்த ஒற்றை அறை, பின்னால் தட்டி மறைத்த ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. தங்கச்சியைக் கூட்டி வந்து இரண்டாவது நாற்காலியில் நிறுத்தினாள். ஜன்னலோரத்து முதல் நாற்காலி மட்டும் எப்போதும் நூலக்காவுடையது. வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும்.

அவள் வேலை செய்கிறதைப் பார்க்க வேண்டும். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். மீதியை இரண்டு கை விரல்களிலும் சுற்றி நடுவில் முறுக்கு விடுவாள். பிறகு தலையை ஒரு வெட்டு, விரலை ஒரு விரிப்பு. முடி வேரோடு வந்துவிடும், வலி வந்து சேர்வதற்குள் வேலை முடிந்திருக்கும். சில கடைகளில் நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். அதைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

"கழுத்துல கயிறு கட்டறதுக்கு நான் என்ன கன்னுக்குட்டியா? நூல் பல்லுல இருந்தாத்தான் கை பேசும்" என்பாள்.

அவளுடைய விளம்பரப் பலகை அவளுடைய முகமேதான். அதிலும் மேலுதடு. வழுவழுவென்று, கண்ணாடி போல. புதிதாக வருகிறவளிடம் முகத்தைக் குனிந்து காட்டி, "என் உதட்டுக்கு மேல ஒரு முடி கண்டுபிடி. பிடிச்சுட்டா இன்னைக்கு உனக்கு ஓசி" என்று சவால் விடுவாள். இத்தனை வருடத்தில் ஒருத்தியும் ஓசியில் போனதில்லை. காலையில் பல் தேய்த்த கையோடு, குளிப்பதற்கு முன்னால், கண்ணாடி முன் நின்று தன் உதட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மறுவேலை.

அந்த முகத்தில்தான் வெள்ளை விழுந்தது.

முதலில் பார்த்தது தங்கச்சி. "அக்கா, வாயோரத்துல பவுடர் ஒட்டியிருக்கு பாரு" என்றாள். நூலக்கா புறங்கையால் துடைத்தாள். "இன்னும் இருக்கு" என்றாள் தங்கச்சி. ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. ஜன்னல் பக்கம் போய்க் கைக்கண்ணாடியில் பார்த்தாள். வாயின் வலது ஓரத்தில், நூல் உரசிக்கொண்டு போகிற இடத்தில், அரிசி அளவுக்கு ஒரு வெண்மை. சில வாரங்களில் அது மேலுதட்டின் மேல் ஏறியது. ஆள்காட்டி விரலில் நூல் சுற்றுகிற வரியிலும் ஒரு வெள்ளை மோதிரம் வந்து உட்கார்ந்தது.

வேறு தொழிலாக இருந்தால் அவள் பொருட்படுத்தியிருக்க மாட்டாள். மூட்டை தூக்குகிறவளின் உதட்டை யார் பார்க்கப் போகிறார்கள். இந்தத் தொழிலில் அவள் முகம் வந்தவளின் முகத்துக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் தொங்கும். மூச்சு மேலே படும். அவள் வாயில் கடித்த நூல்தான் இன்னொருத்தியின் நெற்றியில் ஓடும். முன்பெல்லாம் பெண்கள் சாய்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள், சிலர் தூங்கியே போவார்கள். இப்போது கண் திறந்திருந்தது. கேள்வி யாரும் கேட்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த அடக்கிய மூச்சை நூலக்கா விரல் நுனியில் உணர்ந்தாள்.

பழுப்பு நிற லிப் பென்சிலால் மறைத்துப் பார்த்தாள். நூல் அதைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போய் மற்றவர் முகத்தில் பூசியது. ஒரு நாள் அது பேங்க் அக்காவின் புருவத்துக்கு மேலேயே கோடு போட்டது.

பேங்க் அக்கா என்பது கடையின் மிகப் பழைய வாடிக்கை. கடை திறந்த புதிதில், பேங்க் வேலைக்குப் போகிற வழியில் நுழைந்தவள். தன் சிநேகிதிகளை எல்லாம் வரிசையாகக் கூட்டி வந்து இந்தக் கடையை நிற்க வைத்ததே அவள்தான். அவள் மகள் இரட்டைச் சடையோடு பள்ளிக்கூடம் போன காலத்திலேயே, "இவ கல்யாணத்துக்கு மேக்கப் உன் கையாலதான். வேற ஒருத்தி தொடக்கூடாது" என்று சொல்லி வைத்திருந்தாள். அந்தக் கல்யாணம் இப்போது முடிவாகியிருந்தது.

பேங்க் அக்கா கண்ணாடியில் அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்தாள். கைக்குட்டையால் மெதுவாகத் துடைத்தாள். "ஒண்ணுமில்ல நூலக்கா, போயிடுச்சு" என்றாள். பிறகு கைப்பையை மூடிக்கொண்டே, தரையைப் பார்த்துக் கேட்டாள். "டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டணும் அக்கா. சூட்டுக் கொப்புளம் வந்து ஆறின தழும்பு."

"கல்யாணத்துக்குள்ள சரியாயிடுமில்ல?"

"அதுக்கு முன்னாடியே ஆயிடும். நீங்க பந்தல் வேலையைப் பாருங்க, முகத்தை நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கல்யாணத் தேதிதான் அவளுக்குக் கெடு. மணப்பெண்ணின் முகத்தில் கை வைப்பதா, முதல் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதா என்று அதுதான் முடிவு செய்யப்போகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

கடைக்கு க்ரீம் கொண்டு வந்து விற்கிற பெண் ஒருத்தி மாதம் ஒருமுறை வருவாள். பேச ஆரம்பித்தால் கல்லும் கரைந்து ஒரு டப்பா வாங்கிக்கொள்ளும். அவள் இந்தத் தடவை ஒரு முகமூடியைக் கொண்டு வந்தாள். வெள்ளை பிளாஸ்டிக், உள்பக்கம் முழுக்கப் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு விளக்கு. முகத்தில் மாட்டி ஸ்விட்சைப் போட்டால் போதும், சுருக்கம் போகும், பரு போகும், பத்து வயது குறையும் என்றாள்.

"கலர் வருமா?" என்று கேட்டாள் நூலக்கா.

"கலர்தான் அக்கா முதல்ல வரும். முகமே பளபளன்னு ஆயிடும்."

பளபளப்பும் கலரும் வேறு வேறு என்பது இருவருக்குமே தெரியும். ஒருத்தி விற்க வேண்டியிருந்தது, இன்னொருத்தி நம்ப வேண்டியிருந்தது.

விடியற்காலையில் சமையலறை மூலையில் ஸ்டூல் போட்டு அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் குடிக்க வந்த பெயிண்டர் புருஷன் கதவோடு ஒட்டிக்கொண்டான்.

"அடியாத்தா. யாரு அது?"

"நான்தாங்க. கத்தாதீங்க."

"கல்யாணம் பண்ணி வச்சப்ப உன் முகத்தைக் காட்டித்தானே கொடுத்தாங்க. இந்தச் சிவப்புப் பூதத்தைப் பத்தி உங்க அப்பா ஒரு வார்த்தை சொல்லலையே."

அவள் முகமூடிக்குள்ளேயே சிரித்தாள். அந்தச் சமையலறையில் அதுதான் கடைசிச் சிரிப்பு என்று அப்போது யாருக்குத் தெரியும்.

முகமூடி பொய் சொல்லவில்லை. கன்னம் பட்டுப் போல ஆயிற்று. நெற்றிச் சுருக்கம்கூட ஒரு பிடி குறைந்த மாதிரி இருந்தது. பளிச்சென்ற அந்த முகத்தில் வெள்ளையும் பளிச்சென்று ஆயிற்று, அதுதான் கண்ட பலன். ஒரு காலையில் அவள் அதைக் கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் சொருகிவிட்டு, தோல் டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மாவுக்குத் தணிந்த குரல். விரலைத் தொட்டுப் பார்த்தாள், உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். கையுறை போடவில்லை. தொட்டதிலேயே நூலக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பல நாளாக யாரும் அந்த இடத்தைத் தொடவில்லை.

"இது வெண்புள்ளிம்மா. ஒட்டாது, உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா உதடும் விரலும் ரொம்பப் பிடிவாதம் பிடிக்கிற இடம். மத்த இடம் மாதிரி சீக்கிரம் கேக்காது."

"லைட்டு வச்சா போகும்னாங்களே. சிவப்பு விளக்கு முகமூடி மாட்டிப் பாத்தேன்."

"அது வேற லைட். நீ மாட்டின சிவப்பு விளக்கு இதுக்கு இல்ல. ஊதா லைட் இருக்கு, ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் வரணும். வீட்டுல வச்சுக்கற மாதிரி சின்னதும் இருக்கு. ஆனா என்கிட்ட அடிக்கடி காட்டிக்கிட்டே பண்ணணும். அப்புறம் முக்கியமா ஒண்ணு." டாக்டரம்மா அவள் விரலில் இருந்த நூல் தடத்தைத் தடவினாள். "தோல் உரசுற இடத்துலதான் இது ஏறும். நூல விட்டுடணும்."

நூலக்கா எழுந்துவிட்டாள். "நூல விட்டுட்டா நான் யாரு டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வெளியே வந்தாள். தணிந்த குரல் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கதவு மூடிக்கொண்டது.

ஆனால் ஊதா லைட் என்ற வார்த்தை மட்டும் கூடவே வந்தது. பெயிண்டர் போனில் தேடி வாங்கிக் கொடுத்தான். கைக்கு அடக்கமாக, தலைமுடி காய வைக்கிற மெஷின் மாதிரி ஒரு விளக்கு. போட்டால் நீலமும் ஊதாவுமாக எரியும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, நேரம் முடிந்தால் கத்துகிற டைமர். இந்த முறை சரியான சாமான்தான் வந்திருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. டாக்டரிடம் காட்ட மறுபடி போக வேண்டும் என்று தங்கச்சி சொன்னாள்.

"யாருகிட்டயும் உக்காந்து படிச்சா நான் இந்தக் கடைய போட்டேன்? பாத்து பாத்துக் கத்துக்கிட்டேன். இதையும் கத்துக்கறேன், போ" என்றாள் நூலக்கா.

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்னறையில் உட்காருவாள். வெள்ளையைத் தவிர மற்ற முகத்தில் வெளிச்சம் படக்கூடாது என்று ஒரு துண்டில் வாயளவுக்கு ஓட்டை வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து மாட்டிக்கொண்டாள். அந்தத் துண்டைப் பார்த்துத் தங்கச்சியே, "இதை அந்த கம்பெனிக்காரனுக்கே அனுப்பலாம் அக்கா" என்றாள். அது மட்டுமா. விளக்கைப் பிடிக்கும் முன்னால் நூலை எடுத்து மேலுதட்டையும் வாயோரத்தையும் ஒரு முடி விடாமல் சுத்தமாக வழித்துவிடுவாள். வெள்ளை விழுந்த இடத்தில் பூனை முடிகள் சில வெளுத்திருந்தன, சில இன்னும் கறுப்பாகவே இருந்தன. எல்லாம் போயிற்று. வெளிச்சம் உள்ளே இறங்க வழி வேண்டாமா?

பெயிண்டரும் தலையாட்டினான். "சரியான வேலை. சுவத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டுத்தான் பெயிண்ட் அடிக்கணும். சுரண்டாம அடிச்சா நிக்குமா?"

புருஷன் தொழிலும் பெண்டாட்டி தொழிலும் ஒரே வார்த்தையைச் சொன்னபோது, மூன்றாவது ஆளைக் கேட்க என்ன இருக்கிறது.

எப்படிக் கலர் வரும் என்பதிலும் இருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. தலைக்கு டை போட்டால் ஓரத்திலிருந்து ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வரும். சுவரில் பெயிண்ட் முதல் கோட்டில் மங்கலாக, இரண்டாவதில் நிறைவாக வரும். அப்படித்தான் அவள் எதிர்பார்த்தாள். தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்து வெள்ளையின் ஓரத்தையே பார்த்தாள். ஓரம் அசையவில்லை.

அசைந்தது நடு.

கல்யாண வேலைகள் சூடு பிடித்த சமயம். கண்ணாடியில் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளைக்கு நடுவே, மேலுதட்டில், எள்ளைத் தூவின மாதிரி நாலைந்து பழுப்புப் புள்ளிகள். விரலால் தேய்த்தாள். போகவில்லை. மறுநாள் இன்னும் இரண்டு.

"இது வேறயா?" என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வெள்ளைன்னா பவுடர்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். இது சொறி மாதிரி இருக்கே. விளக்கு சுட்டுடுச்சு போலிருக்கு."

பெயிண்டர் அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தான். ஈரம் இறங்கின சுவரில் பூஞ்சை பூக்குமே, அதே மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. அவன் மனதில் பட்டதைச் சொன்னான். "மேல மேல அடிச்சு மூட முடியாது. முதல்ல இதை எடுக்கணும்."

எடுக்கிறதா? புள்ளி எடுப்பது அவளுக்குச் சொல்லித் தர வேண்டுமா? இருபது வருடமாக அவள் மற்றவர் முகத்திலிருந்து எடுத்துப் போட்டது எல்லாம் என்ன? கரும்புள்ளி, மங்கு, வெயில் கறுப்பு. முகத்தில் ஒரு கறுப்புப் பொட்டைப் பார்த்தால் அவள் விரல் தானாகத் துடிக்கும். கடையில் இருந்ததிலேயே நல்ல ஸ்க்ரப்பை எடுத்துத் தேய்த்தாள். குறு மணல் போல அது உதட்டை அறுத்தது. புள்ளிக்கு நடுவே புதிதாக முளைத்து நின்ற முடிகளை நூலால் தேடிப் பிடுங்கினாள். அப்படியும் பழுப்பு நின்றபோது ப்ளீச்சைக் குழைத்து வைத்தாள். எரிந்தது. கால் முடியில் பழகிய காலத்தில் எரியாததா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாரக் கடைசியில் ஒரு புள்ளி இல்லை. மேலுதடு பழையபடி கண்ணாடி போல, வெள்ளைக் கண்ணாடி போல இருந்தது.

"எப்படி, எடுத்துட்டேன் பாத்தியா" என்று தங்கச்சியிடம் காட்டினாள். இத்தனைக்கும் நடுவே அவள் குரலில் பழைய மிடுக்கு கொஞ்சம் திரும்பியிருந்தது. தங்கச்சி பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனாள்.

மறுபடியும் புள்ளி வரவேயில்லை. அதற்குப் பதிலாக வெள்ளைதான் நகர்ந்தது. தேய்த்துச் சிவந்திருந்த இடமெல்லாம் ஆறும்போது வெளுத்து ஆறியது. மூக்கடி வரை ஏறி, கீழுதட்டைச் சுற்றி, இந்தப் பக்கம் தாடைக்கு இறங்கியது. கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது பேங்க் அக்கா வந்தாள். மகளையும் கூட்டி வந்திருந்தாள். மகள் வாசலிலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேங்க் அக்கா முதல் நாற்காலியில் உட்காரவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு பேசினாள். நல்லவள் அவள், நாலு நாளாக ஒத்திகை பார்த்து வந்த பேச்சு என்பது தெரிந்தது.

"நூலக்கா, நீ தப்பா எடுத்துக்கக் கூடாது. எனக்கு ஒண்ணுமில்ல. மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் அந்த ரூம்லதான் இருப்பாங்க. அவங்க வாய்க்கு என்ன பூட்டா போட முடியும்? உனக்குத்தான் சங்கடம்."

"எனக்கு என்ன சங்கடம் அக்கா?"

"அதான்... உன் தங்கச்சிய அனுப்பு. நீ பழக்கின கைதானே. உன் கை மாதிரிதான்."

வாசலில் நின்ற மணப்பெண் தலையைத் தூக்கவில்லை. அவளுடைய முதல் ஐப்ரோ நூலக்கா செய்தது. வலிக்கும் என்று அழுதவளை மடியில் சாய்த்துக் கதை சொல்லிச் செய்தது.

நூலக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "தாராளமா வருவா. ஏய், டைரில எழுதிக்க" என்று தங்கச்சியைப் பார்த்துச் சொன்னாள். குரல் சரியாகவே வந்தது. பேங்க் அக்கா போகும்போது அவள் தோளைத் தொட நினைத்துக் கையை நீட்டினாள். கை பாதி வழியில் நாற்காலியின் முதுகைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

அன்று மாலையே நூலக்கா விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். சண்டை போடத்தான் போனாள். "நீங்க சொன்ன அதே லைட்டு. பாருங்க என்ன பண்ணி வச்சிருக்குன்னு. முதல்ல முகமெல்லாம் புள்ளி போட்டுச்சு, அதை எடுக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போச்சு. இப்ப இப்படிப் பரவிடுச்சு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "என்ன புள்ளி?"

"பழுப்பா. எள்ளு மாதிரி. வெள்ளைக்கு நடுவுல."

"ஒவ்வொரு புள்ளி நடுவுலயும் ஒரு முடி இருந்துச்சா?"

"ஆமா. அதையும் சேத்துப் பிடுங்கிட்டேன்."

டாக்டரம்மா மேஜை மேல் கிடந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னும் தணிந்த குரலில் சொன்னாள். "அதுதாம்மா உன் கலரு."

நூலக்காவுக்குப் புரியவில்லை.

"கலரு மேல இருந்து வராது. முடி வேருல இருக்கும். லைட் வச்சா அங்கிருந்து கசிஞ்சு முதல்ல புள்ளி புள்ளியாத்தான் வரும். அப்புறம் புள்ளியும் புள்ளியும் சேரும். உதட்டுல அது வர்றதே அபூர்வம். உனக்கு வந்திருக்கு."

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. காலண்டர் தாள் ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டது.

"நான் ஸ்க்ரப் போட்டுத் தேச்சேன்" என்றாள் நூலக்கா. கொஞ்சம் பொறுத்து, "ப்ளீச்சும் வச்சேன்" என்றாள்.

"உரசினதால வெள்ளை பரவியிருக்கு. நீ முதல் தடவை பாதியில எழுந்து போயிட்டே. இதைத்தான் சொல்ல வந்தேன்."

"மறுபடி வருமா?"

"முயற்சி பண்ணலாம். ஆனா பொய் சொல்ல மாட்டேன். அந்த இடத்துல கறுப்பு முடி மிச்சம் இருந்தாத்தான் வழி. எவ்வளவு நாளா அங்க நூல் போடறே?"

இருபது வருடமாக. பல் தேய்த்த கையோடு, ஒரு முடி விடாமல். கண்டுபிடித்தால் ஓசி. முகமூடி மாட்டிய காலத்திலும் துண்டு மாட்டிய காலத்திலும் அவள் பயந்தது எல்லாம் வெளிச்சம் வேலை செய்யாமல் போய்விடுமோ என்றுதான். அது வேலை செய்தது. நாலைந்து புள்ளியாக வாசலில் வந்து நின்றது. அவள் தன் கெட்டிக்காரக் கையாலேயே அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தாள்.

வீட்டில் பெயிண்டரிடம் சொன்னபோது அவன் கையிலிருந்த பிரஷைத் தண்ணீரில் போட்டபடியே நின்றான். "நான்தானே எடுக்கச் சொன்னேன்" என்றான்.

"நீங்க சொல்லலைன்னாலும் எடுத்திருப்பேங்க" என்றாள் அவள். அது உண்மை. அதனால்தான் அவளால் அவனைக்கூடத் திட்ட முடியவில்லை. பழி போட ஒரு ஆள் இருந்தால் மனசு கொஞ்சம் ஆறும். அந்த ஆறுதலும் அவளுக்கு இல்லை.

கல்யாணத்தன்று காலை. தங்கச்சி பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். பவுடர், பிரஷ், ஸ்பாஞ்ச், சின்னக் கத்தரி. எல்லாம் வைத்த பின்னும் போகாமல் நின்றாள்.

"என்ன?"

"நூல் தீந்துபோச்சு அக்கா."

தீரவில்லை. அலமாரியில் புது நூல்கண்டு இரண்டு இருந்தது இருவருக்கும் தெரியும். நூலக்கா தன் நாற்காலிக் கைப்பிடியில் தொங்கிய கண்டைக் கழற்றிக் கொடுத்தாள். தங்கச்சி அதை வாங்கி, இழுத்துப் பார்க்கிற வழக்கத்தில் நுனியைப் பல்லில் கடித்தாள். நூல் அவள் வாயோரத்தை உரசிக்கொண்டு இறங்கியது. அந்த இடத்தில் தோல் லேசாகச் சிவந்திருந்தது. வெறும் சிவப்புத்தான். வெள்ளை விழுவதற்கு முன்னால் நூலக்காவுக்கும் அப்படித்தான் இருந்தது.

"கடிக்காதே" என்றாள்.

"என்னக்கா?"

"பல்லுல வைக்காதே. கழுத்துல மாட்டிக்க."

தங்கச்சி அவளையே பார்த்தாள். எத்தனை தடவை இதே கடையில், கழுத்தில் கட்டுகிறவர்களைக் கன்னுக்குட்டி என்று சொல்லிச் சிரித்திருப்பார்கள். "எனக்கு அப்படிப் பழக்கமே இல்லையே. அதுவும் இன்னைக்குப் போய்..."

"ரெண்டு புருவத்துல பழகிடும். குனி."

அவளே நூலை அளந்து, முடிச்சுப் போட்டு, தங்கச்சியின் கழுத்தில் மாட்டினாள். முடிச்சு உரசாமல் காலருக்கு மேலே வருகிற மாதிரி இழுத்துவிட்டாள். விரலில் சுற்றுகிற இடத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டினாள். மாட்டிவிட்ட கை வெளுத்துப்போயிருந்தது, மாட்டிக்கொண்ட கழுத்து மாநிறமாக இருந்தது. இரண்டும் ஒரே தாய் வயிற்றுத் தோல்.

"ஜன்னல் பக்கமா உக்கார வச்சுப் பண்ணு. அந்தப் பொண்ணுக்கு இடது புருவம் கொஞ்சம் ஏறியிருக்கும், கீழ எடுக்காதே, மேல எடு" என்றாள். பிறகு, "நாளையிலேர்ந்து நீ முதல் நாற்காலில நில்லு. வெளிச்சம் வேணும் உனக்கு" என்றாள்.

தங்கச்சி அழ ஆரம்பித்தாள். "மூஞ்சி வீங்கிப் போனா அங்க சிரிப்பாங்க. போ" என்று அனுப்பி வைத்தாள்.

கடை காலியாக இருந்தது. நூலக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தரையைக் கூட்டினாள். முதல் நாற்காலியில் வாடிக்கைக்காரி மாதிரி உட்கார்ந்து கைக்கண்ணாடியை எடுத்தாள். வெள்ளைக்கு நடுவில், மூக்குத் துவாரத்துக்குக் கீழே, புதிதாக ஒரு முடி தலை நீட்டியிருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதுவும் வெள்ளை. விரல் வழக்கப்படி நூலைத் தேடிக் கைப்பிடிக்குப் போயிற்று. அங்கே நூல் இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் துப்பட்டாவை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். இதுவரை பார்த்திராத ஒரு பெண் ஷட்டருக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்தாள். நல்ல அடர்ந்த புருவம், இதுவரை யார் கையும் படாதது.

"இங்க நூலக்கான்னு ஒருத்தவங்க நல்லா பண்ணுவாங்கன்னு சொன்னாங்க. இருக்காங்களா?"

அந்தப் புருவத்தையே நூலக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இல்லம்மா. கல்யாண வீட்டுக்குப் போயிருக்கா" என்றாள். "சாயங்காலமா வா."